மா. கிருஷ்ணனின் ஒட்டுக் கேமராவும் என் பழைய ரஷ்ய லென்ஸும்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவன், இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், போன வாரம் போன் செய்தான். பறவைகளைப் படம் எடுக்க ஆசையாம். ஒன்றரை லட்சம் ரூபாய் லென்ஸ், மாதத் தவணையில். "வாங்கலாமா சார்?" என்றான். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய வருடம் இது. போனில் சொல்லி முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மா. கிருஷ்ணனைப் பற்றித் தெரிந்துகொள். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்தவர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை இயற்கையைப் பற்றி எழுதியவர். பத்மஸ்ரீ பெற்றவர். யானைகளையும் காட்டெருமைகளையும் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தால், மிக உயர்ந்த கருவி வைத்திருந்தார் என்றே நினைப்போம். உண்மை அதுவல்ல. ஒரு கம்பெனியின் கேமரா உடல், இன்னொரு கம்பெனியின் தொலைநோக்கு லென்ஸ், மற்ற பாகங்களெல்லாம் அவரே பொருத்தியவை. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார், பெரும் பாரம் என்ற பொருளில். அந்த ஒட்டுக் கருவியைப் பற்றி இ. பி. ஜீ வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

பழைய லென்ஸ் மலிவாகக் கிடைப்பது கண்ணாடி கெட்டுப்போனதால் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மாறியது அதைக் கேமராவில் மாட்டும் வாய்தான். 1949-இல் டிரெஸ்டன் நகரத்துக் கேமராக்களில் 42 மி.மீ. திருகு வாய் வந்தது. பின்னாளில் ஜப்பானின் பென்டாக்ஸ், ரஷ்யாவின் ஜெனிட் எல்லாம் அதையே கொண்டன. நிக்கான் 1959-இல் தனி வாய் அமைத்தது. கேனான் 1987-இல் தன் பழைய வாயை அடியோடு கைவிட்டது. அன்றுவரை வாங்கிய நல்ல லென்ஸ்களெல்லாம் ஒரே நாளில் அநாதையாயின.

இது தெரியாமல் நான் பட்ட பாட்டைக் கேள். ஓய்வு பெறுவதற்கு முன், சென்னையில் ஒரு பழைய கேமராக் கடையில், ரஷ்யாவின் 'தாயிர்' 300 மி.மீ. லென்ஸை நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். போர்க்காலத்தில் சோவியத் படைக்காகத் துப்பாக்கிக் கட்டை பொருத்திச் செய்த கேமராவின் வழியில் வந்த லென்ஸ் அது. என்னிடம் இருந்தது நிக்கான். நடுவில் ஒரு வளையம் போட்டால் போதும் என்றார் கடைக்காரர். வேடந்தாங்கலுக்குப் போனேன். கரையோரத்துக் கொக்கு கண்ணாடி போலத் தெளிவு. ஏரி நடுவில் மரத்தில் இருந்த நத்தைகுத்தி நாரைகளெல்லாம் பஞ்சு மூட்டை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். லென்ஸ் வாய்க்கும் பிலிமுக்கும் இடையே திருகு லென்ஸ் கேட்பது 45.46 மி.மீ. நிக்கான் தருவது 46.5. வளையத்தின் தடிப்பும் சேர்ந்தால் லென்ஸ் ஏறக்குறைய 2 மி.மீ. தள்ளி நிற்கிறது. 300-ஐ 300-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்துப் பார். 45,000 மி.மீ., அதாவது 45 மீட்டர். அதற்கு அப்பால் எதுவும் தெளியாது. என் நாரைகள் அதற்கு அப்பால் இருந்தன! கேனானின் புதிய வாயில் இந்த இடைவெளி 44 மி.மீ.தான், அதில் மெல்லிய வளையம் போட்டால் சரியாக வரும். 2008-க்குப் பிறகு வந்த கண்ணாடி மடிப்பு இல்லாத கேமராக்களில் இடைவெளி 20 மி.மீ. அளவே. பழைய லென்ஸ் எதுவானாலும் வளையத்துக்கு இடம் உண்டு. உன் கேமரா அந்த வகைதான் என்றாயே, அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

வாங்கும்போது டார்ச் அடித்து லென்ஸின் உள்ளே பார். தூசி இருந்தால் பயப்படாதே. சிலந்தி வலை போல் வெள்ளை நூல் ஓடினால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் பிடிக்கும். தொடக்கத்தில் துடைத்தால் போகும். நாளானால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். என் லென்ஸில் கொஞ்சம் இருந்தது. கடிகாரம் பழுது பார்க்கும் நண்பரும் நானும் முன் வளையத்தைத் திருகிக் கழற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். குவிய வளையம் இறுகி இருந்தது, பழைய கிரீஸ் காய்ந்துபோய். அதையும் பிரித்தோம். புரிகள் எந்த இடத்தில் விடுபட்டன என்று பென்சிலால் குறி வைக்க மறந்துவிட்டோம். தவறான புரியில் ஏற்றினால் தூரப் பொருள் தெளியாது. ஒரு மாலை முழுவதும் ஏற்றி இறக்கி, நாலு டீ குடித்த பிறகுதான் சரியான புரி அகப்பட்டது.

தானியங்கிக் குவியம் இதில் கிடையாது. பறக்கும் மீன்கொத்தியை எடுக்க முடியாது, உட்கார்ந்த மீன்கொத்தியை எடுக்கலாம். அது உனக்குப் போதுமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஞாயிறு மாலை வீட்டில்தான் இருப்பேன். கேமராவோடு வா. லென்ஸ் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இருக்கிறது. ஒரு மாதம் வைத்திருந்து பார். அதுவரை தவணைக்குக் கையெழுத்துப் போடாதே.