ஃபுல் ஃபிரேம் கேமராவுக்குப் பழகுதல்: சேர்வராயன் மலையை முன்வைத்து

கிராப் சென்சார் கேமராவில் படமெடுத்துப் பழகியவர் ஃபுல் ஃபிரேமுக்கு வரும்போது லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எண்கள் மாறுவதில்லை. அந்த எண்கள் தரும் படம் மாறிவிடுகிறது. எங்கே நிற்பது, துளையை எவ்வளவு திறப்பது, எந்த ஷட்டர் வேகம் போதும் என்று கை தானாகவே போட்டுவந்த கணக்குகளைத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். கரடியூர், பக்கோடா பாயிண்ட், லேடீஸ் சீட் போன்ற காட்சிமுனைகளில் மலை சட்டென்று முடிந்து பள்ளம் தொடங்குகிறது. காப்பித் தோட்டங்களுக்குள் சில்வர் ஓக் நிழல் எப்போதும் கவிந்திருக்கும். ஆண்டின் பல நாள்களில் காலையில் மூடுபனி உண்டு. புதுக் கேமராவின் பலமும் பலவீனமும் ஒரே காலைக்குள் வெளிப்படும் இடம் இது.

அளவுகள்

ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ. நிக்கான், சோனி, ஃபியூஜிஃபிலிம் நிறுவனங்களின் கிராப் சென்சார் ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ.; கேனானுடையது இன்னும் சிறியது, 22.3×14.9 மி.மீ. மூலைவிட்டத்தை ஒப்பிட்டால் முன்னதற்கு 1.5, கேனானுக்கு 1.6 என்ற பெருக்கெண் கிடைக்கிறது. பரப்பில் வேறுபாடு இன்னும் பெரிது: 2.3 மடங்குக்கும் மேல். பார்வைக் கோணத்தைக் கணக்கிட முதல் எண் போதும்; ஒளியைக் கணக்கிடப் பரப்பைத்தான் பார்க்க வேண்டும். புதிதாக மாறுபவர்கள் பலர் முதல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

36×24 என்ற அளவு சினிமா ஃபிலிமிலிருந்து வந்தது. ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஆஸ்கர் பர்னாக், 35 மி.மீ. சினிமா ஃபிலிமின் கட்டத்தை இரட்டிப்பாக்கி அந்த அளவைப் பெற்றார். அதைக் கொண்ட லைக்கா கேமரா 1925இல் லைப்சிக் சந்தையில் வெளிவந்தது. உதகமண்டலத்தின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்து ‘இந்து’ என்ற பெயரில் விற்ற கருப்பு வெள்ளைச் சுருளும் இந்த அளவுக் கேமராக்களில் ஓடியதே. டிஜிட்டல் காலத்தின் தொடக்கத்தில் அவ்வளவு பெரிய சென்சாரைச் செய்வது மிகுந்த செலவு பிடித்தது. எனவே 1999இல் வந்த நிக்கான் டி1, 2003இல் வந்த கேனான் 300டி ஆகியவை சிறிய சென்சாருடன் வந்தன. 2002இல் கேனான் 1டிஎஸ், 2005இல் 5டி, 2007இல் நிக்கான் டி3 என்று பெரிய சென்சார் படிப்படியாகக் கைக்கு எட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு தலைமுறையே கிராப் சென்சாரில் கண் பழகிவிட்டது.

இத்தகைய மாற்றம் தமிழ்நாட்டு ஒளிப்படக்காரர்களுக்குப் புதிதல்ல. சேலம் மாவட்டத்தை முதலில் படமெடுத்தவர்களில் ஒருவரான லின்னேயஸ் டிரைப், ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் தொகுதியை 1858இல் வெளியிட்டார். மெழுகு பூசிய பெரிய காகித நெகட்டிவ்களில் எடுக்கப்பட்ட படங்கள் அவை. பிற்காலத்து ஸ்டுடியோக்களில் இருந்த யாஷிகா 635 நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 120 சுருளில் 6×6 செ.மீ. சதுரப் படம் எடுக்கும் அந்தக் கேமராவில், இணைப்புப் பாகங்களைப் பொருத்தி 35 மி.மீ. சுருளையும் போடலாம். லென்ஸ் அதே 80 மி.மீ.தான். பெரிய சுருளில் இயல்பான பார்வை தந்த அதே லென்ஸ், சிறிய சுருளில் முகப்படத்துக்கு ஏற்ற நெருக்கமான பார்வை தரும். இன்று கிராப் சென்சாரிலிருந்து மாறுபவர் அதே பாதையில் எதிர்த்திசையில் நடக்கிறார்.

விளிம்பில் நிற்கும்போது

கிராப் கேமராவில் 50 மி.மீ. லென்ஸின் கிடைமட்டப் பார்வைக் கோணம் ஏறத்தாழ 26 பாகை. ஃபுல் ஃபிரேமில் அது ஏறத்தாழ 40 பாகை. சமவெளியில் இரண்டடி முன்னே போனால் படம் பழையபடி நிறைந்துவிடும். கரடியூர் காட்சிமுனையில் முன்னே போக இடமில்லை. எதிர்மலைச் சரிவு பழைய கேமராவில் படத்தை நிறைத்திருக்கும். புதியதில் சுருங்கி, மேலே வெறும் வானமும் கீழே தேவையற்ற புதரும் சேர்ந்துகொள்ளும். பாறை விளிம்பை நோக்கி இன்னும் ஓரடி என்று கால் தானாக நகரும் இடம் இதுவே. அந்த ஓரடியை வைக்கவே கூடாது. பழைய நெருக்கம் வேண்டுமென்றால் 75 மி.மீ. அளவில் லென்ஸ் வேண்டும், 70–200 மி.மீ. ஜூம் இங்கே கை கொடுக்கும். மலைக்காட்சிக்கு அகலக் கோண லென்ஸ்தான் என்ற நினைப்பைச் சேர்வராயன் மலை பொய்யாக்குகிறது. அடுக்கடுக்கான முகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் காட்டுவது நீளமான லென்ஸ்தான்.

மனிதர்களைப் படமெடுக்கும்போது கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். கிராப் கேமராவில் 50 மி.மீ. லென்ஸுடன் இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்த முகப்படத்தை ஃபுல் ஃபிரேமில் அதே லென்ஸால் எடுக்க 1.3 மீட்டருக்கு நெருங்க வேண்டும். நெருங்கினால் மூக்கு சற்றுப் பெரிதாகவும் காது பின்வாங்கியும் தெரியும். அதற்குக் காரணம் தூரம், லென்ஸ் அல்ல. மலைவாழ் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களில் வயதான ஒருவரின் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோவது மரியாதையும் அல்ல. 85 மி.மீ. லென்ஸ் அந்த இரண்டு மீட்டர் இடைவெளியைத் திருப்பித் தருகிறது.

மூடுபனியும் துளையும்

ஃபுல் ஃபிரேம் வாங்குவதற்குப் பெரும்பாலோர் சொல்லும் காரணம், மங்கலான ஒளியில் புள்ளி தட்டாமல் படம் வரும் என்பது. அது பாதி உண்மை. ஒரே துளை, ஒரே ஷட்டர் வேகம் வைத்தால் பெரிய சென்சாருக்கு 2.3 மடங்கு ஒளி கிடைக்கிறது; ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேலான ஆதாயம். ஆனால் அதே காட்சியை அதே அளவில் எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் குறைந்துவிடுகிறது. கிராப் கேமராவில் எஃப் 2.8 தந்த ஆழத்தை ஃபுல் ஃபிரேமில் பெற எஃப் 4க்கு மூட வேண்டும். மூடினால் ஒளி குறையும். அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ. ஏற்ற வேண்டும். ஏற்றியதும் ஆதாயம் போயே போய்விடுகிறது.

எண்களோடு பார்க்கலாம். பனி மூடிய காலையில் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடியும் கீழே காப்பிச் செடியும் சேர்ந்த காட்சி. கிராப் கேமராவில் எஃப் 4, 1/125 நொடி, ஐ.எஸ்.ஓ. 1600. அதே ஆழத்தை ஃபுல் ஃபிரேமில் பெற எஃப் 6 அளவுக்கு மூடி, ஐ.எஸ்.ஓ.வை 3600 அளவுக்கு ஏற்ற வேண்டும். இரண்டு படத்திலும் புள்ளிகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். கூடுதல் பணம் கொடுத்து வாங்கியவருக்கு இது கசப்பாக இருக்கலாம். ஆனாலும் இதைப் புரிந்துகொள்ளாதவருக்குப் புதுக் கேமராவின் அருமை கைக்கு வராது.

ஆதாயம் நிஜமாகவே கிடைக்கும் வழிகள் இரண்டு. ஆழத்தை விட்டுக்கொடுப்பது ஒன்று. காப்பிப் பழம் பறிக்கும் பெண்ணின் கண்ணை மட்டும் தெளிவாக்கிப் பின்னால் உள்ள செடிகளைக் கரையவிடுவதானால் எஃப் 2.8இல் ஐ.எஸ்.ஓ. ஏற்றாமலேயே எடுக்கலாம். இங்கே ஃபோகஸ் கண்ணிலேயே விழ வேண்டும், மூக்கு நுனியில் விழுந்தால் படம் வீண். மற்றொன்று முக்காலி. ஐ.எஸ்.ஓ. 100இல் வைத்து ஷட்டரை நிதானமாகத் திறந்தால் பெரிய சென்சார் தன் முழுக் கொள்ளளவுக்கு ஒளியை வாங்கிக்கொள்கிறது. பள்ளத்தாக்கின் நிழலையும் பனிக்கு மேலான வெளுப்பையும் ஒரே படத்தில் பிடிக்கும் திறன் அப்போதுதான் தெரியும். காற்றில்லாத விடியலில் இது கைகூடும்; இலை அசையத் தொடங்கிவிட்டால் கைகூடாது.

பாறையும் புல்லும் முன்னே, அடிவானம் பின்னே என்ற காட்சியில் கணக்கு இன்னும் கறாரானது. கிராப் கேமராவில் 16 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்து ஏறத்தாழ 1.6 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 80 செ.மீ.யிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும். ஃபுல் ஃபிரேமில் அதே பார்வையைத் தரும் 24 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்தால் ஃபோகஸ் 2.4 மீட்டரில் இருக்க வேண்டும்; தெளிவு 1.2 மீட்டரில்தான் தொடங்கும். காலடியில் இருக்கும் புல் மங்கிவிடும். எஃப் 11க்குப் போனால் ஏறத்தாழப் பழைய நிலை திரும்புகிறது. எஃப் 8ஐ மாற்றாமலே பழகியவர்கள் கரடியூரிலிருந்து இறங்கிவந்து கணினியில் பார்த்துத்தான் இதை அறிகிறார்கள்.

மூடுபனி வேறொன்றையும் காட்டிக்கொடுக்கும். ஃபுல் ஃபிரேமுக்கான லென்ஸைக் கிராப் கேமராவில் மாட்டியிருந்தவரை அதன் நடுப்பகுதி மட்டுமே படத்தில் விழுந்தது. இப்போது ஓரங்களும் விழுகின்றன. மலிவான லென்ஸ்களில் மூலைகள் கறுத்தும் தெளிவு குறைந்தும் இருக்கும். பனியின் ஒரே சீரான வெள்ளையில் அந்தக் கறுப்பும், சென்சாரில் ஒட்டிய தூசியும் அப்படியே தெரியும். துளையை இரண்டு ஸ்டாப் மூடினால் கறுப்பு பெரும்பாலும் மறையும், தூசியோ இன்னும் கூர்மையாகத் தெரியும்.

சின்னப் பூ, தூரத்துப் பறவை

கோடையின் பூமழைக்குப் பிறகு காப்பிச் செடி சில நாள் மட்டுமே வெள்ளையாகப் பூத்து நிற்கும். தனிப் பூ ஏறத்தாழ 2 செ.மீ. மேக்ரோ லென்ஸை உண்மை அளவில் வைத்தால் கிராப் கேமராவில் அது படத்தின் அகலத்தை நிறைத்துவிடும். ஃபுல் ஃபிரேமில் பாதிக்குச் சற்று மேல்தான் வரும். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963இல் ஏற்காட்டில் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டத்தின் சிறு மலர்களுக்கும் இது பொருந்தும்.

பறவைகளில் இழப்பு இன்னும் கண்கூடு. 300 மி.மீ. லென்ஸ் கிராப் கேமராவில் 450 மி.மீ. போல நெருக்கிக் காட்டியது. இப்போது வெறும் 300. 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃபிரேம் படத்தைப் பழைய அளவுக்கு வெட்டினால் 10 மெகாபிக்ஸலுக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். 45 மெகாபிக்ஸல் கேமராவென்றால் 19 அளவுக்கு மிஞ்சும். தென்னிந்தியப் பாறைச் சரிவுகளில் மட்டும் வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னான் இந்த மலையிலும் உண்டு. அது நெருங்கவிடாது. அதைத் தேடிப் போகிறவர் பழைய கிராப் உடலை விற்காமல் வைத்திருப்பதே நல்லது.

டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் புள்ளிகளும் ஏமாற்றும். நிக்கான் டி7200, டி750 இரண்டிலும் 51 புள்ளிகள். முன்னதில் அவை படத்தின் அகலத்தைப் பெரும்பாலும் நிரப்பும், பின்னதில் நடுவில் குவிந்திருக்கும். மிரர்லெஸ் கேமராக்களில் இந்தக் குறை அநேகமாக இல்லை.

லென்ஸ்கள்

கிராப் சென்சாருக்கென்றே செய்த லென்ஸ்களை எல்லா இடத்திலும் கொண்டுபோக முடியாது. நிக்கான் ஃபுல் ஃபிரேம் உடலில் டிஎக்ஸ் லென்ஸ் மாட்டினால் கேமரா தானே படத்தைச் சுருக்கிக்கொள்ளும். கேனானின் இஎஃப்-எஸ் லென்ஸ் பழைய ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் பொருந்தவே பொருந்தாது. ஆர்எஃப் உடலில் அடாப்டர் வழியாகப் பொருந்தும், அங்கும் சுருங்கிய படமே. எனவே உடலுக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைத்தாவது நல்ல லென்ஸுக்குக் கொடுப்பது சரி. ஏற்காட்டுக்கு என்றால் 24–70 மி.மீ. ஒன்றும் 70–200 மி.மீ. எஃப் 4 ஒன்றும் பெரும்பாலான தேவைக்குப் போதும். எஃப் 2.8 ஜூமின் எடையை மலைப்பாதையில் நாள் முழுக்கத் தூக்க வேண்டியதில்லை. பெரிய சென்சாரின் எஃப் 4, பழைய கேமராவின் எஃப் 2.8 தந்த மங்கலையே பின்னணிக்குத் தருகிறது.