வேருக்கு வாய்த்த கூட்டாளி

நம்ம புதுக்கோட்டைச் செம்மண்ணிலே மானாவாரி வரகுக்கும் கேழ்வரகுக்கும் இடுகிற மணிச்சத்தில் பெரும்பகுதியை மண்ணே பிடித்துக்கொள்கிறது. காசு போட்டும் பயிருக்கு எட்டுவதில்லை.

1885-இல் ஜெர்மானிய அறிஞர் ஃபிராங்க், நிலத்தடிக் காளான் வளர்க்க வழி தேடப்போய், மரவேரோடு பூசணம் கூட்டுக்குடித்தனம் நடத்துவதைக் கண்டு ‘பூசணவேர்’ என்று பெயரிட்டார். 1957-இல் இங்கிலாந்தில் பார்பரா மோஸ், வேருக்குள்ளேயே வாழும் இன்னொரு வகையை ஆப்பிள் நாற்றில் ஏற்றி, வளர்ச்சி கூடுவதைக் காட்டினார். தானியப் பயிருக்குத் துணை இந்த ‘வேர் உட்பூசணம்’தான். இதன் இழைகள் வேர் எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொண்டுவரும். பயிர் சர்க்கரையைக் கூலியாகத் தரும்.

உயிருள்ள வேர் இல்லாவிட்டால் இது பெருகாது. ஆகவே நிலத்தைச் சும்மா போடாதீங்க. அறுவடைக்குப் பின் ஈரமிருந்தால் பயறு விதையுங்க. மணிச்சத்தை அளவுக்கு மேல் கொட்டினாலும் இது ஒதுங்கிவிடும். உட்பூசணக் கலவை வாங்கினால், வேர் தொடும்படி விதைக்குக் கீழே இடுங்க.