கடாரத்துக் கடலும் கெடாவின் வயலும்

கடாரம் என்றதும் 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் செலுத்திய கடற்படையே நம் நினைவுக்கு வருகிறது. அந்த மண் நினைவுக்கு வருவதில்லை.

இன்று நெல்வயல்களுக்கிடையே 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலையை முற்காலத்தில் கடல் சூழ்ந்திருந்தது. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அதுவே கரைகாட்டி. அதன் தென்புறத்தில், மெர்போக் கழிமுகத்தை ஒட்டித் துறைகளும் கோயில்களும் எழுந்தன. ஆறுகள் கொணர்ந்த வண்டல் கடலை மெல்லப் பின்னுக்குத் தள்ளிற்று, துறைகள் தூர்ந்தன. ஆயினும் சதுப்பு தானாக வயலாகிவிடவில்லை. 1885-இல் வான் முகமது சமான் அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் நோக்கி வெட்டத் தொடங்கிய கால்வாய் நீரை வடித்தது. 1970-இல் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் இருபோகம் வந்தது.

களிமண் சமவெளியில் மலாய் உழவர் நெல் விளைவித்தனர். தமிழருக்கு வாய்த்தது மேட்டுநிலம்: சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்கள். சோழர் படையெடுப்பைப் பெருமிதத்தோடு கற்பிக்கும் நாம், விடியுமுன் பால்மரம் சீவச் சென்றவர்களுக்கு ஒரு பத்தியேனும் ஒதுக்குகிறோமா? இரு வரலாறுகளும் ஒரே மண்ணில்தான் கிடக்கின்றன. சுங்கை பத்துவில் 2009 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட இரும்பு உலைகளும் படகுத்துறைச் சுவடுகளும் கடலோரத்தில் அல்ல, செம்பனைத் தோட்டத்துக்குள் கிடைத்தன.