மணலுக்குத் தேயும் எஃகு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கில்காண்ட்ரா என்று ஓர் ஊர். 1912-ல் அங்கே ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற விவசாயி மகன், அப்பாவின் நீராவி டிராக்டரின் எஞ்சினிலிருந்து சுழற்சியை இழுத்து, மண்கொத்திகளைச் சுழலவிட்டுப் பார்த்தார். வயது இருபதுகூட ஆகவில்லை. கலப்பை மேல்மண்ணைப் புரட்டும்போதே கீழ்மண்ணை அழுத்தி இறுக்கிவிடுகிறது. சுழலும் கொத்திகளோ அப்படி இறுக்காமல் மண்ணை உடைத்துத் தருகின்றன. இது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால், கிளறிய மண் கிளறிய இடத்தில் விழாமல் பக்கவாட்டில் சிதறியது.

அந்தச் சிதறலுக்குக் கண்ட மருந்துதான், இன்று நம் ஊரில் டிராக்டருக்குப் பின்னால் சுழலும் ரோட்டவேட்டர் கத்தி. குறுக்களவு குறைந்த ஒரு தண்டு; அதில் தள்ளித் தள்ளி நிற்கும் வட்டத் தகடுகள்; அவற்றில் பூட்டிய, நுனி ஒரு பக்கமாக மடங்கிய 'எல்' வடிவக் கத்திகள். நிமிர்ந்த பாகம் மண்ணைச் செங்குத்தாக அறுக்கும், மடங்கிய பாகம் அடியிலிருந்து சீவி எடுக்கும். முதல் உலகப் போர் குறுக்கிட்டதால் வேலை நின்றது. 1919-ல் ஹோவர்ட் வெளிநாட்டிலிருந்து நாடு திரும்பி, 1920-ல் காப்புரிமை பெற்றார். 1922-ல் நிறுவனம் தொடங்கினார். உள்நாட்டிலிருந்தே உலகத் தேவையைச் சமாளிக்க முடியாமல், 1938-ல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில் இன்னொரு நிறுவனம் நிறுவினார்.

நெல் வயலுக்கு வந்தபோது கத்திக்கு வேறொரு சோதனை. சேற்றில் கிடக்கும் வைக்கோலும் களையும் தண்டைச் சுற்றிக்கொண்டு சுழற்சியையே நிறுத்திவிடும். ஜப்பானியர்கள் கத்தியின் விளிம்பைப் பின்னோக்கி வளைத்தார்கள். வளைந்த விளிம்பில் பட்ட வைக்கோல் தண்டை நோக்கி ஏறாமல் நுனிப் பக்கமாக வழுக்கி வெளியேறும், வழுக்கும்போதே அறுபடும். சேற்றுழவுக்கு இதைவிடப் பொருத்தமான திருத்தத்தை நான் அறியேன். பவர் டில்லரோடு இந்த வளைந்த கத்தியும் தென்னிந்தியாவுக்கு வந்தது. 1967-ல் பெங்களூரில் மிட்சுபிஷியின் ஒத்துழைப்போடு விஎஸ்டி நிறுவனமும், 1973-ல் கேரளத்தில் குபோட்டாவின் தொழில்நுட்பத்தோடு காம்கோவும் டில்லர் செய்ய இறங்கின. டிராக்டரில் மாட்டும் பெரிய ரோட்டவேட்டர் நம் வயல்களில் பரவலானது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்.

கத்தி மண்ணுக்குள் என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்டு நிமிடத்துக்கு 220 சுற்று. டிராக்டர் மணிக்கு 3 கிலோமீட்டர். ஒரு வட்டத் தகட்டில் ஆறு கத்திகள், மூன்று இடப்பக்கம் மடங்கியவை, மூன்று வலப்பக்கம். அப்படியானால் ஒரே பக்கம் மடங்கிய கத்திகளில் அடுத்தடுத்து இறங்கும் இரண்டுக்கு இடையே டிராக்டர் சுமார் 7.5 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். ஒவ்வொரு கத்தியும் சீவுவது அந்தக் கனத்துக்கு ஒரு துண்டு மண். கியரை மாற்றி வண்டியை வேகமாக விட்டால் துண்டு பெருத்துக் கட்டியாகும்; மெதுவாக விட்டால் மாவாகும். எந்தப் பயிருக்கு எவ்வளவு பொடி வேண்டும் என்பது ஓட்டுநரின் காலிலும் கையிலும் இருக்கிறது. எல்லாக் கத்தியும் ஒரே நேரத்தில் இறங்கினால் கியர்பெட்டி தாங்காது. அதனால் அவற்றைத் தண்டின் நெடுக ஒரு திருகுப் பாதையில் தள்ளித் தள்ளிப் பூட்டுகிறார்கள். ஒன்று வெட்டி முடிக்கும்போது அடுத்தது இறங்கும்.

வடிவமைப்பவரை உண்மையில் வதைப்பது கோணம். கத்தி சுழன்றுகொண்டே முன்னேறுகிறது. அதன் நுனி வரையும் பாதை வட்டம் அல்ல, முன்னோக்கி இழுபட்ட வளையம். மடங்கிய பாகத்தின் முதுகு இன்னும் வெட்டாத மண்ணில் உரசினால் டீசல் வீணாகும், அடிமண் மெழுகியதுபோல் இறுகும். முதுகு உரசாமல் விளிம்பு மட்டும் மண்ணைத் தொடும்படி மடக்க வேண்டும். இரண்டு மூன்று டிகிரி தவறினாலும் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினுக்குத் தெரியும்.

குஜராத்தின் ராஜ்கோட்டிலும் பஞ்சாபின் லூதியானாவிலும் இந்தக் கத்தியை அடித்து வார்க்கும் உலை வேலைக்குப் பெயர்பெற்ற பட்டறைகள் நிறைய. ஏழு எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை எஃகை அளவாகத் துண்டுபோட்டு, சூடேற்றி, விளிம்பைச் சரித்து அடித்து, போல்ட் துளை போட்டு, அச்சில் வைத்து மடக்குகிறார்கள். பிறகு தோய்ச்சல். கத்தியின் ஆயுள் இங்கேதான் முடிவாகிறது. சுமார் 850 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சிவக்கக் காய்ச்சி, எஃகின் வகைக்கேற்ப எண்ணெயிலோ தண்ணீரிலோ அமிழ்த்தினால் அது கண்ணாடிபோல் கடினமாகும், கண்ணாடிபோல் உடையவும் செய்யும். மறுபடி இளஞ்சூட்டில் வைத்து அந்த முறுக்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். வெட்டும் விளிம்பு கடினமாக இருக்க வேண்டும், போல்ட் பூட்டும் கழுத்து அதைவிட மிருதுவாக இருக்க வேண்டும். கல்லில் மோதினால் கழுத்து அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். கழுத்தும் விளிம்பைப்போலவே இறுகியிருந்தால் முறிந்து தெறிக்கும். ஒரே இரும்புத் துண்டில் இரண்டு குணங்களை வரவழைக்கும் இந்த வேலையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த ஸ்பிரிங் எஃகு வெகுகாலமாகப் பயனில் உள்ளது. போரான் எஃகும் இப்போது நன்றாகப் புழங்குகிறது. ஒரு டன் எஃகுக்கு 30 கிராம் அளவில் போரான் சேர்த்தாலே போதும்; அது எஃகின் படிகப் பரல்களின் எல்லைகளில் போய் உட்கார்ந்து, குளிரும்போது மிருதுவான அமைப்பு உருவாவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் கடினம் மேல்தோலோடு நிற்காமல் உள்வரை இறங்குகிறது. ஆனால் போரானை நைட்ரஜன் பிடித்துக்கொண்டால் எல்லாம் வீண். அதைத் தடுக்கக் கொஞ்சம் டைட்டானியமும் சேர்க்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் கத்தி மணலை வெல்ல முடியாது. மணலில் உள்ள குவார்ட்ஸ், விக்கர்ஸ் கடினத்தன்மை அளவுகோலில் ஏறக்குறைய 1,000-ஐத் தொடும். நன்றாகத் தோய்ச்சல் வைத்த கத்தி அதில் பாதியைச் சற்றுத் தாண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மணல்துகளும் எஃகைக் கீறிவிட்டுத்தான் போகும். மணற்பாங்கான செம்மண்ணில் கத்தி சீக்கிரம் தேயும். கோவில்பட்டிப் பக்கக் கரிசலில் தேய்மானம் குறைவு, ஆனால் ஈரம் பதத்துக்கு மேல் இருந்தால் களி அப்பிக்கொண்டு எஞ்சினைத் திணறடிக்கும். ஒரே கத்தியை எல்லா மண்ணுக்கும் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'உங்களுடையது என்ன மண்?' என்பதுதான்.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. மண் இறுகக் கூடாது என்று பிறந்த கத்தி, வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில், பத்துப் பதினைந்து சென்டிமீட்டரில், ஈரம் பாராமல் ஓடினால் தன் மடங்கிய பாகத்தாலேயே கீழே ஒரு கெட்டித் தளத்தைப் போட்டுவிடுகிறது. வேரும் தண்ணீரும் அதற்குக் கீழே இறங்கத் தவிக்கும். சேற்று நெல்லுக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்க அந்தத் தளம் உதவும். பருத்திக்கும் கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் அது பகை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, அரை மீட்டர் இடைவெளியில் உளிக்கலப்பை ஓட்டித் தளத்தைப் பிளக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ரோட்டவேட்டர் ஒரே ஓட்டத்தில் வயலைத் தயாராக்கிவிடுவதால் உளிக்கலப்பையை மறந்துவிடுகிறோம். கண்ணுக்கு அழகாகத் தெரியும் மேல்மண் போதும் என்று நினைக்கிறோம். போதாது.

கத்தி தேயத் தேய மடங்கிய பாகத்தின் அகலம் சுருங்கும். பக்கத்துக் கத்தியின் பாதையோடு அது சேராமல் நடுவே வெட்டாத வரப்பு நிற்கும். மேலே மூடிய பொடிமண் அதை மறைத்துவிடும். விதைத்த பிறகு முளைப்பு வரிவரியாக ஏறி இறங்கும்போதுதான் விஷயம் தெரியவரும். அப்போது ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதும் எடையில் ஒத்துப்போகாமல் தண்டு அதிரும், பேரிங் கெடும். முழு செட்டாக மாற்றுவதே முறை. இடக்கத்தி வலக்கத்தி இடம் மாறாமலும், திருகுப் பாதை கலையாமலும், விளிம்பு சுழலும் திசையைப் பார்த்திருக்கும்படியும் பூட்ட வேண்டும். போல்ட்டையும் புதிதாகவே போட்டு, முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை நிறுத்தி மறுபடி முடுக்க வேண்டும்.