நஞ்சன்கூடு தந்த நாகரத்தினம்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் பணித்தபோது, தஞ்சைக்கும் மதுரைக்கும் ஓடாமல், நாம் பிழைக்க வந்த இம்மைசூர்ச் சீமையிலேயே பொருள் தேடினோம். இருப்புப்பாதையில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு, சீட்டு வழங்கும் சாளரத்தில் ஓயாது காதில் விழும் ஊர்ப்பெயர் நஞ்சன்கூடு. மைசூரிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து கல் தொலைவு, கபினிக் கரை, ஸ்ரீகண்டேசுவரர் எழுந்தருளிய தலம். வாழைப்பழத்தாலும் பற்பொடியாலும் அவ்வூரை அறிந்தோர் பலர். அங்கே 1878ஆம் ஆண்டு பிறந்த பெண் குழந்தை ஒன்று பிற்காலத்தில் அரசின் தடைக்கும் ஆடவர் விதித்த தடைக்கும் பணியாது நின்றதை அறிந்தோர் சிலரே. அவரே பெங்களூர் நாகரத்தினம்மாள்.

தாய் புட்டலட்சுமி இசையைத் தொழிலாகக் கொண்ட குலத்தவர். தந்தை துணை நில்லாது போகவே, தாயும் மகளும் மைசூருக்கு வந்தனர். இங்கே கிரிபட்ட திம்மையா என்னும் அரண்மனைப் புலவரிடம் சிறுமி வடமொழி பயின்றாள். பின்னர் பெங்களூரில் முனுசாமப்பாவிடம் இசை கற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்குக் குடியேறிப் பெரும் புகழ் எய்தினார்.

அக்காலத்தில் அவர் பிறந்த ஊரிலேயே மாறுதல் ஒன்று நிகழ்ந்தது. கோயில்களில் ஆடியும் பாடியும் வந்த மகளிரின் பணியை மைசூர் அரசு 1909இல் விலக்கியது. நஞ்சன்கூட்டுக் கோயில் மகளிர் விண்ணப்பம் செய்தும் அரசு இசையவில்லை. இந்தியப் பெருநாட்டில் இத்துறையில் முதலில் சட்டக்கோலை நீட்டிய அரசுகளுள் நம் மைசூரும் ஒன்று என்க.

அடுத்த ஆண்டே அம்மையார் தாமே அரசின் கண்ணில் பட்டார். தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் முத்துப்பழனி என்னும் கணிகையர் குலப் புலவர் இருந்தார். ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் பெயர்த்தவரும் அவரே. தமிழராகிய நாம் இதனை மறத்தலாகாது. அவர் தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்தவனம்' என்னும் காவியத்தின் முன்னைய பதிப்பில் முன்னுரையும் பல பாடல்களும் நீக்கப்பட்டிருந்தன. அம்மையார் சுவடியைத் தேடிப் பெற்று, ஒன்றும் விடாமல் ஒப்புநோக்கி, 1910இல் வாவிள்ள இராமசாமி சாஸ்திருலு நிறுவனத்தார் வாயிலாக வெளியிட்டார். சீர்திருத்தச் செம்மலான கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு அந்நூலையும் அதனை இயற்றிய மாதையும் இழித்துரைத்திருந்தார். சிற்றின்பம் பாடிய ஆண் புலவரைப் போற்றும் உலகம் பெண்ணுக்கு மட்டும் நாணத்தைப் பாடம் சொல்வதேன் என்பது அம்மையாரின் வினா. விடை கூறுவார் இல்லை, காவலர்தாம் வந்தனர். 1911இல் படிகள் கைப்பற்றப்பட்டன. ஆங்கில அரசு நூலைத் தடை செய்தது. புலவர் பெருமக்கள் முறையிட்டும் பயனில்லை.

அம்மையார் ஓய்ந்தாரல்லர். மைசூர் அரண்மனை இசைவாணர் பிடாரம் கிருஷ்ணப்பா, திருவையாற்றில் தியாகராச சுவாமிகளின் சமாதி பேணுவாரின்றிக் கிடக்கும் நிலையை அவருக்குத் தெரிவித்தார். அம்மையார் தம் நகைகளை விற்று, 1921 முதல் முயன்று, 1925இல் அங்கே கோயில் எழுப்பிக் குடமுழுக்கு நிகழ்த்தினார். ஆனால் அக்கோயிலில் ஆராதனை நடத்திய 'பெரிய கட்சி', 'சின்னக் கட்சி' இரண்டும் பெண்கள் பாட இடம் தரவில்லை. கட்டியவள் வாயிலில் நிற்க, வந்தவர் உள்ளே பாடினர்! அவரோ 1927இல் 'பெண்கள் கட்சி' ஒன்று தொடங்கி, மகளிரைக் கூட்டிக்கொண்டு தனியே ஆராதனை நடத்தினார். பதினான்கு ஆண்டுகள் கழித்தே, 1941இல், மூன்று பிரிவும் ஒன்றாயின, பெண்களும் அம்மேடையேறினர்.

அதே 1927இல் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொணர்ந்தார். நாகரத்தினம்மாள் தம் குல மகளிரைத் திரட்டி எதிர் விண்ணப்பம் அனுப்பினார். இளஞ்சிறுமியரை மீட்க விழைந்த டாக்டர் அம்மையாரின் நோக்கத்தை நாம் குறைகூறோம், அது வேண்டியதே. ஆயினும், கலையும் கல்வியும் உடையவராய் வாழ்ந்த மகளிரையும் இழிந்தோர் என ஒரே சொல்லால் ஒதுக்கினால் அவர்கள் வாளாவிருப்பரோ? இவ்விருவரும் ஒரு நாளேனும் எதிரெதிர் அமர்ந்து மனம்விட்டுப் பேசியிருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும் என்று நம் பேதை நெஞ்சம் எண்ணுகின்றது.

காலம் விந்தையாகக் கணக்குத் தீர்த்தது. பிரகாசம் பந்துலுவின் முயற்சியால் நூலின் மீதிருந்த தடை 1947இல் நீங்கியது; பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சென்னைச் சட்டமும் அதே ஆண்டில் பிறந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிய அவ்வாண்டில் அம்மையாருக்கு வயது அறுபத்தொன்பது.

1949இல் எழுதிய உயிலில் தம் உடைமைகளை அவர் சமாதிக் கோயிலுக்கே வைத்தார். அதிலும் தம் பிடியை விட்டாரில்லை: பெண்கள், தம் குலத்துப் பெண்களும் உட்பட, அங்கே வழிபடவும் பாடவும் எவரும் தடை செய்யலாகாது என்று நிபந்தனை விதித்தார். 1952ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் திருவையாற்றிலேயே மறைந்தார். சுவாமிகளின் சமாதியை நோக்கியவாறு அம்மையாரின் சிலை அங்கே அமர்ந்திருக்கின்றது. நஞ்சன்கூட்டுக்குப் பன்முறை சென்று வந்துள்ளோம். அவர் பெயர் தாங்கிய பலகை எதுவும் அங்கே நம் கண்ணில் படவில்லை.