கரையில் ஒரு நீர்மூழ்கி, கடலடியில் ஒரு நீர்மூழ்கி

தீபாவளிக்கு யூனிட் மூடியிருந்த ஒரு வாரத்தில் குடும்பத்தோடு விசாகப்பட்டினம் போய் வந்தோம். ராமகிருஷ்ணா கடற்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மகன் ஒற்றைக் காலில் நின்றான்.

குர்சுரா சோவியத் ஒன்றியத்தில் கட்டப்பட்டு, 1969 டிசம்பர் 18 அன்று நம் கடற்படையில் சேர்ந்தது. 1971 போரில் அரபிக்கடலில் ரோந்து சென்றது. 2001-ல் ஓய்வு கொடுத்து, கரைக்கு இழுத்து வந்து, 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

நீளம் 91 மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதுதான். உள்ளே போனதும் மூச்சு முட்டுகிறது. ஒவ்வொரு அறையையும் வட்டமான துவாரத்தில் குனிந்து, காலைத் தூக்கி வைத்துத்தான் கடக்க வேண்டும். இதற்குள் சுமார் 75 பேர் வாரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற கடற்படை வீரர்களே சுற்றிக் காட்டுகிறார்கள். அதன் இயக்கம் நமக்குப் புரியாததல்ல. நம் வீட்டு இன்வெர்ட்டர் மாதிரிதான். மேலே வரும்போது டீசல் இன்ஜின் ஓடி பேட்டரிகளைச் சார்ஜ் செய்யும். மூழ்கியதும் பேட்டரியில் ஓடும். அப்போது சத்தமே கூடாது. சத்தம் கேட்டால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். நிட்டிங் மெஷின் இரைச்சலிலேயே வாழும் நமக்கு அந்த அமைதியை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம்.

அதே கடற்கரையில் 1971 வெற்றியின் நினைவுச்சின்னமும் இருக்கிறது. விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸியின் கதையை அங்கே சொன்னேன்.

காஸி வந்தது நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி. கிழக்குக் கடற்படைத் தளபதியாக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். அவர் விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டு, அது விசாகப்பட்டினத்தில் இருப்பதுபோல் நாடகம் ஆடினார். ஒரு பெரிய கப்பலுக்குத் தேவையான அளவு மளிகை, காய்கறிக்கு ஊர்க் கடைகளில் ஆர்டர் போனது. உளவாளிகள் காதில் விழட்டும் என்றுதான். பழைய கப்பலான ராஜ்புத், விக்ராந்த் போல ரேடியோ செய்தி அனுப்பியது.

1971 டிசம்பர் 3 நள்ளிரவையொட்டித் துறைமுகத்துக்கு வெளியே பெரிய வெடிச்சத்தம். நகரில் ஜன்னல்கள் அதிர்ந்தன. ராஜ்புத் வீசிய ஆழ்கடல் குண்டுகளால் காஸி மூழ்கியது என்பது இந்தியாவின் கூற்று. உள்ளே ஏற்பட்ட வெடிப்போ, அது விதைத்த கண்ணிவெடியோதான் காரணம் என்கிறது பாகிஸ்தான். அதில் இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

"அந்தக் கப்பலை எங்கப்பா வச்சிருக்காங்க?" என்று கேட்டான் மகன். கடலைக் காட்டினேன். அவர்களோடு சேர்ந்து இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அமெரிக்காவின் சிகாகோவில் யு-505 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1944 ஜூன் 4 அன்று மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் அதை மூழ்கவிடாமல் பிடித்தார்கள். அதிலிருந்த 59 பேரில் ஒருவர் இறந்தார். 58 பேர் கைதானார்கள். கப்பல் பிடிபட்டது ஜெர்மனிக்குத் தெரியக்கூடாது என்பதால் கைதிகளைப் பற்றிய தகவலையும் மறைத்தார்கள். இறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்த வீடுகளுக்குப் போர் முடிந்த பிறகு அவர்கள் திரும்பிப் போனார்கள். காஸிக்காரர்களின் வீடுகளுக்கு அது வாய்க்கவில்லை.

குர்சுராவில் படுக்கைகளைப் பார்த்தபோது அது சாதாரணமாகத் தெரிந்தது. இந்தக் கதையைச் சொன்ன பிறகு மகன் மறுபடி டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம் என்றான். போனோம். இந்த முறை அவன் டார்பிடோக்களைப் பார்க்கவில்லை. படுக்கைகளை எண்ணிக்கொண்டு வந்தான்.

டிசம்பர் 4 கடற்படை தினம். வெற்றியைக் கொண்டாடுவோம். இரு பக்கமும் திரும்பாதவர்களையும் ஒரு நிமிடம் நினைப்போம்.

போக நினைப்பவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை. நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கு உள்ளே குனிந்து நடப்பது சிரமம்.