எரித்து வளர்த்த புல்வெளி

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில், பிரேரி எனப்படும் பூம்புல்வெளிகள் ஒருகாலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடந்தன. 1837இல் ஜோன் டியர் என்னும் கொல்லர் உருக்குக் கலப்பையைச் செய்தார். அதன்பின் அரை நூற்றாண்டுக்குள் அவை பெரும்பாலும் வயல்களாயின. உழுவது எளிது, உழுததை மீண்டும் புல்வெளியாக்குவது எங்ஙனம்?

இவ்வினாவை முதன்முதலிற் பெரிய அளவில் எதிர்கொண்டது விஸ்கொன்சின் பல்கலைக்கழகம். மடிசன் நகரில் 1934ஆம் ஆண்டு யூன் 17ஆந் திகதி அதன் தாவரவனம் திறந்துவைக்கப்பட்டபோது, அழிந்த நாட்டியற்கையை அங்கே மீள நிறுவவேண்டுமென அல்டோ லியோபோல்ட் வற்புறுத்தினார். கிடைத்த நிலமோ உழுது சலித்துக் குதிரைகள் மேய்ந்த பண்ணை. பொருளாதார மந்தத்தால் வேலையிழந்திருந்த இளைஞர், தாவரவியலறிஞர் தியடோர் ஸ்பெரியின் மேற்பார்வையில் 1936 முதல் உழைத்தனர். எஞ்சியிருந்த புற்றிடல்களிலிருந்து செடிகளை மண்ணோடு பெயர்த்துவந்து நட்டனர், விதைகளையுந் தூவினர்.

அவற்றுள் பெரிய நீலத்தண்டுப் புல் ஆளுயரத்துக்கு மேல் வளர்வது. நம் வெட்டிவேருக்கு நெருங்கிய உறவு. திசைகாட்டிச் செடியின் மஞ்சட் பூக்கள் சூரியகாந்தியை ஒத்தவை. அதன் இலைகள் தம் விளிம்பை வடக்குந் தெற்கும் நோக்கி நிறுத்துவன. எருக்கின் இனத்தைச் சேர்ந்த பாற்செடிகளை உண்டு வளரும் மொனார்க் வண்ணத்துப்பூச்சி, குளிர்காலங் கழிக்க மெக்சிக்கோ வரை பறந்துசெல்கின்றது. சாம்பல்நிறக் கொக்குகளும் இப்புல்வெளியில் இரைதேடித் திரிகின்றன.

ஆயினும், நட்டால் மட்டும் போதவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த மேய்ச்சற் புல்லொன்று பூச்செடிகளை நெருக்கியது. அதனை வெல்லும் வழியை ஜோன் கேட்டிஸ் தீயிற் கண்டார். தீயைக் காட்டின் பகையென்றே அதிகாரிகள் போதித்த காலம் அது. துணிவான செயலென்றே சொல்லவேண்டும். அந்நியப் புல் இளவேனிலில் முந்தித் துளிர்ப்பதால் அப்போது மூட்டும் தீயிற் கருகும். சுதேசப் புற்களின் குருத்துக்களோ மண்ணுக்குள் உறங்கித் தப்பும். மாக்ஸ் பார்ச்சுடன் அவர் நடத்திய ஆய்வின் முடிவுகள் 1948இல் வெளிவந்தன. உண்மையில், ஆதிக்குடிகள் புல்வெளிகளைக் காலந்தோறும் எரித்தே பேணியிருந்தனர். குடியேறியோர் அதனை நிறுத்தியதே கேடாயிற்று.

கேட்டிஸ் 1961இல் மறைந்தார்; மறு ஆண்டு புல்வெளி அவர் பெயரைப் பெற்றது. ஏறத்தாழ 70 ஏக்கர் கொண்ட அந்நிலத்தில் இன்றும் முறைவைத்துத் தீ மூட்டப்படுகின்றது. சுற்றுப்புற வீதிகளின் மழைநீர் வந்து பாயும் தாழ்ந்த பகுதிகளில் மட்டும் வேறோர் உயரமான புல் அடர்ந்து பரவியுள்ளது. ஈரத்தில் வேரூன்றிய அப்புல்லைத் தீயினால் மட்டும் ஒழிக்க முடியவில்லை.